மல்வேர்ன் வீட்டுக்கு எந்த ஹீற்றிங்? ஜனவரி பில்லை முதலில் எடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் மல்வேர்ன் பக்கம் 1974இல் கட்டின செமி வீடு, ஒரு பக்கச் சுவர் அயல் வீட்டோடு ஒட்டினது, வாங்கியிருக்கிறீர்கள். பேஸ்மென்டில் நின்று வீட்டைச் சூடாக்குகிற காஸ் ஃபேர்னஸ் 2004இல் பூட்டினது, 100,000 பி.டி.யூ. (ஒரு மணித்தியாலத்துச் சூட்டை அளக்கிற அலகு). வெளியில் நிற்கிற ஏசிக்கும் அதே வயது. மூன்று பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் அதே அளவில் புது ஃபேர்னஸ் என்கிறார். இன்னொருத்தர் காஸையே வெட்டிவிட்டு, கரண்டில் ஓடி வெளிக்காற்றின் சூட்டை உள்ளே தள்ளுகிற ஹீற் பம்ப் போடச் சொல்கிறார். மூன்றாமவர் “முதலில் ஒரு சதமும் வேண்டாம், மாத வாடகை மட்டும்” என்று பேப்பரை நீட்டியிருக்கிறார். பெப்ரவரியில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். எதைப் போடுவது?

நேரே சொல்கிறேன். 40,000 பி.டி.யூ. அளவில் சின்ன காஸ் ஃபேர்னஸ் ஒன்று, செத்துக்கொண்டிருக்கிற ஏசியின் இடத்தில் ஹீற் பம்ப் ஒன்று, இரண்டும் உங்கள் சொந்தக் காசில். அதற்கும் முன்னால் கூரைக்குக் கீழே இருக்கிற அட்டிக்கில் ஏறிப் பாருங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

வந்த மூன்று பேரில் யாராவது வீட்டை அளந்தார்களா? யன்னல்களை எண்ணினார்களா? அட்டிக் கதவைத் திறந்தார்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மூன்று பேரும் பழைய ஃபேர்னஸில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைத்தான் வாசித்திருக்கிறார்கள். அதில் 100,000 என்று இருந்தால் புதிதும் 100,000. எழுபதுகளில் காஸ் மலிவு, யன்னல் ஒற்றைக் கண்ணாடி, கட்டினவர் ஒரு தெரு முழுக்க ஒரே பெட்டியை இறக்கிவிட்டுப் போயிருப்பார். பிறகு வந்தவர்கள் அதையே பார்த்துப் பார்த்து எழுதினார்கள். கனடாவில் வீட்டின் சூட்டிழப்பைக் கணக்கிட எஃப் 280 என்று ஒரு தரமுறையே இருக்கிறது. அறை அறையாக அளந்து போடுகிற கணக்கு. “எஃப் 280 செய்து தருவீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் முகம் மாறுகிறவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

அதுவரை நீங்களே குசினி மேசையில் இருந்து ஒரு கணக்குப் போடலாம். முந்தின உரிமையாளரின் ஜனவரி காஸ் பில்லில் 500 கன மீற்றர் என்று எழுதியிருந்தீர்கள். அதில் 60ஐ சுடுதண்ணிக்கும் அடுப்புக்கும் கழியுங்கள். மீதி 440. ஒரு கன மீற்றர் காஸில் கிட்டத்தட்ட 10.5 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட், கிலோவாற் மணி) சூடு இருக்கிறது. நூற்றுக்கு 80 மட்டும் வீட்டுக்குள் விடுகிற உங்கள் பழைய ஃபேர்னஸில் மிச்சம் புகைபோக்கியால் போகிறது. 440ஐ 10.5ஆல் பெருக்கி, அதில் 80 வீதம் எடுத்தால் சுமார் 3,700 யூனிட். ஜனவரியில் 744 மணித்தியாலம். ஆக, சராசரியாக ஒரு மணித்தியாலத்துக்கு 5 யூனிட், அதாவது 5 கிலோவாற் சூடு.

அது ஜனவரியின் சராசரிக் குளிருக்கு, அதாவது மைனஸ் 4 அளவுக்கு. ஆள் நடமாட்டம், சமையல், ஃபிரிட்ஜ், வெயில் எல்லாம் சேர்ந்து தருகிற சூட்டால், வெளியே 17 டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் ஃபேர்னஸுக்கு உண்மையில் வேலை. 17க்கும் மைனஸ் 4க்கும் இடைவெளி 21. ஸ்காபுறோவில் கட்டடக் கணக்குக்கு எடுக்கிற கடுங்குளிர் மைனஸ் 20. அங்கே இடைவெளி 37. ஐந்தை 37ஆல் பெருக்கி 21ஆல் பிரித்தால் 8.8 கிலோவாற். பி.டி.யூ.வில் 30,000.

ஒரு தரம் நிறுத்தி யோசியுங்கள். வருடத்தின் மிகக் கொடிய இரவில் உங்கள் வீட்டுக்குத் தேவை 30,000. பேஸ்மென்டில் நிற்கிற பெட்டி வீட்டுக்குள் விடுவது 80,000. இரண்டரை மடங்குக்கு மேல்! கல்யாண வீட்டுக் கிடாரத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி கொதிக்கவைக்கிற கதை. ஐந்து நிமிடம் சீறி எரிந்து, தெர்மோஸ்டற் இருக்கிற ஹோலைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். மேல்மாடியின் மூலை அறைக்குச் சூடு போய்ச் சேருகிறதுக்குள் காற்று ஓய்ந்துவிடும். “ஃபேர்னஸ் பெரிசு, ஆனால் பிள்ளைகளின் அறை குளிருது” என்று என்னிடம் வருகிற முறைப்பாடுகளில் பாதி இதுதான். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்றாலும் 38,000 போதும். 95 வீதத்துக்கு மேல் திறனுள்ள 40,000 பி.டி.யூ. பெட்டி அதைத் தரும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரித்த வீட்டுக் காஸ் ஃபேர்னஸ்கள் 95 வீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் “ஹை எஃபிஷியன்சி” என்பதற்காக யாராவது கூடக் காசு கேட்டால் சிரித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ளது மேசைக் கணக்கு. வீட்டில் முந்தினவர்கள் 18 டிகிரியில் இருந்தார்களா, 24இல் இருந்தார்களா என்று அந்தப் பில் சொல்லாது. ஆனால் 100,000 என்று சொல்கிறவரை மடக்க அது போதும்.

இனி அட்டிக். 1974 வீட்டில் கூரைக்குக் கீழே அநேகமாக ஒரு சாண் கூட இன்சுலேஷன் இராது. இன்றைக்குப் புதுவீட்டுக்கு ஒன்ராறியோவில் ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கிற வலுவின் அளவு), கிட்டத்தட்ட ஒன்றரை அடி தடிப்பு. வெளியில் போய் ஸ்நோ பெய்த அடுத்த நாள் உங்கள் தெருக் கூரைகளைப் பாருங்கள். எந்த வீட்டுக் கூரையில் முதலில் ஸ்நோ உருகுகிறதோ, அந்த வீட்டுக்காரர் வானத்தைச் சூடாக்குகிறார். இன்சுலேஷன் ஊதுகிறதுக்கு முன் லைற் துவாரம், குழாய் ஏறுகிற இடைவெளி, அட்டிக் மூடியின் ஓரம் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காமல் மேலே பஞ்சைக் கொட்டுவது, பொத்தான் போடாத ஜக்கெற் மாதிரி. ஒன்று மட்டும் கவனம். சாம்பல் நிறத்தில், பளபளவென்று சின்னக் கூழாங்கற்கள் போல ஏதும் கிடந்தால் கை வைக்க வேண்டாம். அது வேமிகுலைற். அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், சோதித்த பிறகுதான் மற்றது. அட்டிக்கும் பேஸ்மென்டின் மேல்விளிம்பும் சரியாக அடைபட்டால் அந்த 30,000 இன்னும் இறங்கும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு அட்டிக்கைச் செய்தால், வாங்கின பெட்டி திரும்பவும் பெரிசாகிவிடும்.

ஹீற் பம்புக்கு வருவோம். எங்கள் ஆக்களிடம் இதைப் பற்றி இரண்டு கட்சி. “கனடாக் குளிருக்கு அது சரிவராது” என்பது ஒன்று, “காஸ் பில்லே வராது” என்பது மற்றது. முதல் கட்சிக்கு நோர்வேயைக் காட்டலாம். அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீற் பம்ப், அங்கே இருக்கிற எங்கட சொந்தக்காரரின் வீடுகள் உட்பட. அது ஏசியேதான், தலைகீழாக ஓடுகிற ஏசி. வெளிக் காற்று மைனஸ் 10 ஆக இருந்தாலும் அதில் சூடு இருக்கிறது. அதை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் கரண்டுக்கு இதமான நாளில் மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு, மைனஸ் 15இல் இரண்டுக்குக் கிட்ட. குளிர் கூடக் கூட இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கிறது. வீட்டுக்குச் சூடு கூடத் தேவை, இயந்திரத்தின் வலு குறைகிறது. சாதாரண இயந்திரம் மைனஸ் 15இல் பாதியாக இறங்கும். குளிர் நாட்டுக்கென்று செய்தவை அந்த இடத்திலும் பெரும்பகுதியைத் தாங்கும். ரேடியோவில் “விண்ட் சில் மைனஸ் 31” என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது தோலுக்குச் சொல்கிற கணக்கு. இயந்திரத்துக்கு வெப்பமானியில் இருக்கிற இலக்கம்தான்.

உங்கள் வீட்டுக்கு மைனஸ் 8இல் தேவை 20,000 பி.டி.யூ. சொச்சம். இரண்டு தொன் (நிறை அல்ல, 24,000 பி.டி.யூ. வலு) அளவிலான குளிர்நாட்டு ஹீற் பம்ப் அதைத் தாராளமாகத் தூக்கும். ரொறன்ரோவில் ஒரு பனிக்காலத்தில் மைனஸ் 8க்குக் கீழே போகிற மணித்தியாலங்கள் நினைக்கிறதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்கு காஸ் ஃபேர்னஸ் எழும்பட்டும்.

இரண்டாவது கட்சிக்கு என் பதில் விலைக் கணக்கு. உங்கள் காஸ் பில்லில் மாதாந்த நிலைக்கட்டணத்தை விட்டுவிட்டு, பாவிக்கிற அளவுக்கு ஏறுகிற எல்லாவற்றையும் கூட்டி கன மீற்றரால் பிரியுங்கள். 35 சதம் வருகிறது என்று வையுங்கள். புது ஃபேர்னஸில் ஒரு கன மீற்றர் 10 யூனிட் சூடு தரும். ஆக ஒரு யூனிட் சூடு 3.5 சதம். கரண்ட் எல்லாம் சேர்த்து 14 சதம் என்றால், பேஸ்போர்ட் ஹீற்றரில் ஒரு யூனிட் சூடு அதே 14 சதம். மூன்று மடங்கு தருகிற ஹீற் பம்பில் 4.7 சதம், இரண்டு மடங்கு தருகிற கடுங்குளிரில் 7 சதம். இந்த இலக்கங்களில் காஸ்தான் மலிவு. ஆனால் இரவு நேரக் கரண்டை மிகக் குறைந்த விலைக்குத் தருகிற திட்டத்தில் இருந்தால், இரவு 11 முதல் காலை 7 வரை ஹீற் பம்ப் காஸைத் தோற்கடிக்கும். 2025 ஏப்ரல் 1இல் காஸ் மேல் இருந்த கார்பன் கட்டணம் எடுபட்டது. அதற்கு முன் ஒரு கன மீற்றருக்கு 15 சதத்துக்கு மேல் அதுவே இருந்தது. ஆகவே அந்தக் காலத்தில் யாராவது போட்ட கணக்கைக் கொண்டுவந்து காட்டினால் திகதியைப் பாருங்கள். விலை நாளைக்கும் மாறும். இரண்டும் இருக்கிற வீட்டில் எத்தனை டிகிரியில் எது ஓட வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டற்றில் ஒரு இலக்கத்தை மாற்றித் தீர்த்துவிடலாம். காஸை வெட்டினவர் வெட்டினதுதான்.

காஸை முழுதாக வெட்டினால் நிலைக்கட்டணம் மிச்சம், உண்மை. ஆனால் கடுங்குளிருக்கு 10 கிலோவாற் மின்சூடாக்கி துணைக்கு வேண்டும், அதற்கு 60 அம்ப் பிறேக்கர். உங்கள் வீட்டில் அநேகமாக 100 அம்ப் மின் பனல். அடுப்பும் ட்ரையரும் ஏற்கெனவே அதில். நாளைக்கு மின்கார் வாங்கினால் அதுவும். பனலை 200க்கு உயர்த்துகிற செலவை அந்த இரண்டாமவர் சொன்னாரா?

மொன்றியலில் இருக்கிற ஒருத்தர் இதையே கேட்டிருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே கரண்ட் மலிவு, பேஸ்போர்ட்டிலேயே வாழ்க்கை ஓடுகிறது. வினிபெக் என்றால் மைனஸ் 33க்குக் கணக்குப் போட வேண்டும்.

இனி விற்கவருகிறவர்கள் யாரும் சொல்லாத இடம். உங்கள் பழைய ஃபேர்னஸின் புகையும் சுடுதண்ணித் தாங்கியின் புகையும் ஒரே புகைபோக்கியால் போகின்றன. புது ஃபேர்னஸ் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயில் பக்கச் சுவரால் வெளியே போய்விடும். பெரிய புகைபோக்கியில் சுடுதண்ணித் தாங்கி மட்டும் அநாதையாக நிற்கும். அதன் மெல்லிய புகை மேலே ஏறுவதற்குள் குளிர்ந்து, நீராகி, செங்கலை அரிக்கும், சில நாள் வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதனால் புகைபோக்கிக்குள் லைனர் என்கிற ஒடுக்கமான உலோகக் குழாய் இறக்க வேண்டும், அல்லது தாங்கியையும் மாற்ற வேண்டும். விலைப்பத்திரத்தில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு எங்கள் குசினி சேர்ந்தால் விஷயம் பாரதூரம். பொரியல் மணம் போகட்டும் என்று அடுப்புக்கு மேல் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய ஹூட் பூட்டுகிறோம், யன்னலையும் இறுக்க மூடுகிறோம். வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், புகைபோக்கியால் கீழே வரும். ஹூட்டை முழு வேகத்தில் போட்டுவிட்டு, சுடுதண்ணித் தாங்கி எரியும்போது அதன் தலையில் இருக்கிற தொப்பிக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் சரி. உங்கள் முகத்துக்குத் திரும்பினால் ஹூட்டை உடனே நிறுத்தி, ரெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் நான்கு பேரும் அடைபட்ட காஸ் ஃபயர்பிளேஸ் புகைவழியால் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரில் வந்த 2013 சட்டத்தால்தான் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் (மணமில்லாத நச்சு வாயு) அலாரம் கட்டாயமானது. நீங்கள் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வையுங்கள்.

வாடகைக்காரரின் பேப்பரில் கையெழுத்து வைக்காதீர்கள். மாதம் நூற்றைம்பது என்று தொடங்கும், வருடாவருடம் ஏறும், பத்து வருடம் கட்டி முடிய இயந்திரத்தின் விலை இரண்டு மூன்று மடங்காயிருக்கும். முந்தி, வீட்டை விற்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவந்தது, அந்த இயந்திரத்தில் கம்பனிக்கு உரிமை இருக்கிறது என்கிற நோசி என்ற அறிவித்தல் காணிப் பதிவில் தங்கள் பெயருக்கு நேரே ஒட்டியிருப்பது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா ஃபில்டர் மாற்ற வந்தவன் என்று நம்பி ரப்லெற்றில் விரலால் கையெழுத்து வைத்தார். மகன் வீட்டை விற்க வெளிக்கிட்ட நேரம் பல்லாயிரம் டொலர் கேட்டார்கள். வீடு வீடாக வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணித் தாங்கி விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. நுகர்வோர் பொருட்களுக்கு நோசி பதிவதை 2024 ஜூனில் ஒழித்தது. சட்டம் வந்தாலும் பேப்பர்கள் வேறு வடிவில் வருகின்றன. இன்னொன்று, உங்கள் சுடுதண்ணித் தாங்கியே வாடகையாக இருக்கலாம். வீடு வாங்கின ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

“ஹீற் எக்ஸ்சேஞ்சரில் கீறல் விழுந்துவிட்டது, இன்றைக்கே மாற்ற வேண்டும்” என்று, அதாவது எரிகிற காஸின் சூட்டைக் காற்றுக்குக் கடத்துகிற உலோகப் பகுதி பழுது என்று, யாராவது சொன்னால் படம் காட்டச் சொல்லுங்கள். போன மாசி மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். ஃபேர்னஸ் இரண்டு நிமிடம் எரியும், நிற்கும், குளிர்காற்று ஊதும், திரும்ப எரியும். முதல் வந்தவர் ஃபேர்னஸ் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஃபில்டரை இழுத்தேன். மஞ்சள் பிடித்து, எண்ணெய் பசைந்து, அப்பளம் போல விறைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு கூடி, பாதுகாப்பு சுவிச் அதை நிறுத்திக்கொண்டிருந்தது. இருபது டொலர் ஃபில்டர். எங்கள் சமையலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள்.

வேலை செய்ய வருகிறவரிடம் ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவில் காஸ் வேலைகளை மேற்பார்க்கிற அமைப்பு) பதிவும், கையில் ஜி-2 அல்லது ஜி-1 காஸ் ரெக்னீஷியன் உரிமமும் இருக்க வேண்டும். ஹீற் பம்பை நிலத்தோடு வைக்க விடாதீர்கள், ஸ்நோவுக்கு மேலே நிற்கிற மாதிரி ஒன்றரை அடி ஸ்ராண்டில், கூரைத் தண்ணி சொட்டாத இடத்தில். குளிர்நாளில் அதிலிருந்து வெள்ளைப் புகை எழும்பினால் தீயணைப்புக்கு அடிக்க வேண்டாம், தன்மேல் பிடித்த உறைபனியை அதுவே உருக்குகிறது.

அம்மா அப்பாவைப் பற்றி. ஹீற் பம்ப் ஓடும்போது வருகிற காற்று 40 டிகிரி அளவில்தான் இருக்கும். ஃபேர்னஸ் காற்று 50க்கு மேல். கையை வைத்துப் பார்த்துவிட்டு “இது வேலை செய்யேல்லை” என்பார்கள். அறை 23இல் நிற்கும், ஆனால் நம்ப மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களைப் பேஸ்மென்டில் படுக்கவைக்க வேண்டாம். அங்கே காற்று கூரையிலிருந்து வரும், சூடு மேலேயே நின்றுவிடும், கால் விறைக்கும். மேல் அறையில் கட்டிலை காற்றுத் துவாரத்துக்கு மேல் போட்டு மூடிவிடாதீர்கள். மூக்கு வறண்டு இரத்தம் கசிகிறது என்றால் ஹியூமிடிஃபயரைக் கூட்டுங்கள், யன்னலில் தண்ணி வழியத் தொடங்கினால் குறையுங்கள்.

வேலையை இப்போது தொடங்கினால் அட்டிக் இரண்டு நாள், மற்றது இரண்டு நாள். அதற்கிடையில் பழையது ஒரு ஜனவரி இரவில் நின்றுவிட்டாலும் பதறி எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1,500 வாற் ஹீற்றர் இரண்டை வெவ்வேறு சுவர்ப் பிளக்கில், நீட்டு வயர் இல்லாமல், வெவ்வேறு பிறேக்கரில் போட்டால் இரண்டு அறை தாங்கும். சிங்க்குக்குக் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு, வெளிச்சுவரை ஒட்டின பைப்பில் தண்ணியை நூலாக ஓடவிடுங்கள். புது ஃபேர்னஸ் நின்றால், ரெக்னீஷியனுக்கு அடிக்கிறதுக்கு முன் வெளியே போய்ச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு வெள்ளைக் குழாயையும் பாருங்கள். பத்தில் ஒன்றிரண்டு அழைப்பில் நான் செய்கிற முழு வேலையும், அந்தக் குழாய் வாயிலிருந்து ஸ்நோவைக் கையால் தோண்டி எடுப்பதுதான்.